எட்டு ஜிபி கார்டும் ஒரு குத்தும்

கொடைக்கானலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் கிராபிக்ஸ் கார்டு வாங்கிய வடகவுஞ்சி ஜீப் டிரைவர், ஒருநாள் சிபியூவையே தூக்கிக்கொண்டு வந்தார். மானிட்டரில் மாட்டி லினக்ஸ் திரையைக் காட்டினார்.

"ஏலே, எட்டு ஜிபின்னு சொன்ன. இதுல எரநூத்தம்பத்தாறு எம்பிதான் கெடக்கு!"

"அது மொத்த மெமரி இல்லைங்க..." என்பதற்குள் வாயில் குத்து விழுந்து உதடு கிழிந்தது. அவர் பார்த்தது, கார்டின் மெமரிக்குள் கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் எட்டிப் பார்க்கும் ஜன்னலின் அளவு மட்டுமே. கீபோர்டில் ரத்தம் சொட்டச் சொட்ட, முழு மெமரியைக் காட்டும் கட்டளையை வலது கையால் தட்டினேன். எட்டு ஜிபி என்று வந்தது.

"தப்பா நெனச்சுட்டேன் அண்ணே," என்று கும்பிட்டார்.

மேசைக்கு அடியில் என் இடது கை, ஸ்குரூடிரைவரை அவர் வயிற்றுக்கு நேராகப் பிடித்திருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அதன்பிறகு யாரையும் முரடன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.