ஸ்வான்டிஸின் இடது கண்

ஐஸ்லாந்தின் வடக்கே, எங்கள் பள்ளத்தாக்கில், ஆட்டுக்காது படிப்பதில் ஸ்வான்டிஸை மிஞ்ச ஆளில்லை. கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளைச் செப்டம்பரில் ஓட்டிவந்து வட்டப் பட்டியில் அடைப்போம். காதில் போட்ட வெட்டைப் பார்த்து, இது இன்னார் ஆடு என்று பிரிக்க வேண்டும். காதில் மாட்டும் எண் வில்லை இருக்கிறதே என்பீர்கள். பாதி ஆடு அதை வேலியில் மாட்டிப் பிய்த்துக்கொண்டுதான் வரும். இருபத்துமூன்று பண்ணைகளின் வெட்டும் அவளுக்கு மனப்பாடம். தனியாளாக நானூறு ஆடு வளர்த்தவள். வாயும் கொஞ்சம் நீளம்.

அந்த வருடம் ஒரு பெட்டை ஆட்டைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு காதருகே குனிந்தாள். அது வெடுக்கென்று தலையைத் தூக்கியது. கொம்பு இடது கண்ணுக்குக் கீழே மோதிய சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"கண்ணு இருக்கா பாரு, ஹியால்டி."

"இருக்கு. நீ உக்காரு."

"உக்கார்றதா? இன்னும் பாதிப் பட்டி கெடக்கு."

பட்டியில் அடிபட்டவருக்கு மூக்குப்பொடி நீட்டுவது எங்கள் வழக்கம். முட்டாள் நான், நீட்டினேன். ஒரு சிட்டிகை இழுத்துப் பலமாகத் தும்மினாள். என் கண்ணெதிரே அவள் கண் உப்பி மூடிக்கொண்டது. அவளை வண்டியில் ஏற்றி நகரத்துக்கு ஓட்டினேன்.

"கண்குழியோட அடி எலும்பு ஒடஞ்சிருக்கு. தும்முனதுல மூக்குக் காத்து உள்ள ஏறிடுச்சு" என்றார் நகரத்து மருத்துவர். "பொடி குடுத்தது யாரு?"

"இந்த மகராசன்தான்" என்றாள்.

தகடு வைத்தார்கள். கண் பிழைத்தது. ஆனால் கீழே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இனி அப்படித்தான் என்றுவிட்டார்கள். ஆட்டின் காது கீழேதானே இருக்கிறது. ஆடுகளை விற்றுவிடுவாளோ என்று பனிக்காலம் முழுக்க எனக்கு உறுத்தியது.

அடுத்த செப்டம்பரில் பட்டிக்கு வந்தாள். ஒரு ஆட்டை இடுக்கினாள், இரண்டு கண்ணையும் மூடினாள். காதோரம் விரலை ஓட்டிப் பண்ணையின் பெயரைச் சொன்னாள். அடுத்தது. அதற்கடுத்தது. பனிக்காலத்தில் தோல் துண்டுகளில் இருபத்துமூன்று வெட்டையும் வெட்டிவைத்துத் தடவிப் பழகினாளாம். மத்தியானம்வரை ஒன்றுகூடத் தப்பவில்லை.

தன் ஆடென்று அவள் தன் பக்கம் தள்ளிய ஒன்றை நான் இழுத்துப் பிடித்தேன். "இது என் ஆடு."

கண்ணைத் திறக்காமலே தடவினாள். "ஒன்னுதுக்கு நுனியில மட்டுந்தான் வெட்டு. இதுக்குக் காதோட பின்னோரத்துல இன்னொரு வெட்டு இருக்கு. நல்லாப் பாரு, ஒனக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லா இருக்கே."

மயிரை விலக்கிப் பார்த்தேன். இருந்தது.