சவுக்குச் சருகு போட்ட கழனி

1. மஞ்சள்

நடவு முடிந்த பதினோராம் நாள் காலை முனுசாமியின் கழனிக்குப் போனேன். சைக்கிளை ஏரிக்கரையில் நிறுத்தும்போதே கண்ணில் பட்டுவிட்டது. சுற்றியிருந்த கழனிகளெல்லாம் பச்சை பிடித்திருக்க, நான் போர்டு நட்டிருந்த அரை ஏக்கர் மட்டும் மஞ்சளாக நின்றது.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் விவசாய ஆபீசில் கள உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. விவசாயியின் நிலத்திலேயே ஒரு முறையைச் செய்துகாட்டி, பக்கத்தில் தகரப் போர்டு வைப்போம். செயல்விளக்கத் திடல் என்று பெயர். என்னை நம்பிக் கொடுத்த முதல் திடல் வேங்கிக்கால் பக்கம் இருந்த இந்தக் கழனிதான். ‘தழையுரம் இட்ட வயல்’ என்று போர்டில் நானே பெயிண்டால் எழுதியிருந்தேன்.

தழை என்றால் எங்கள் பக்கத்தில் புங்கந்தழை. சேற்றில் போட்டு மிதித்தால் பத்து நாளில் மக்கிவிடும், பிறகு நடலாம். அந்த வருஷம் புங்கந்தழைக்கு ஏகக் கிராக்கி. செங்கம் ரோட்டில் ஒரு சவுக்குத் தோப்பில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு கிடந்தது. தோப்புக்காரர் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை சருகு ஏன் மக்காமல் வருஷக்கணக்கில் இங்கேயே கிடக்கிறது என்று கேட்க மேதையான எனக்குத் தோன்றவில்லை.

மாட்டுவண்டியில் சருகு வந்து இறங்கியபோது முனுசாமி ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தார்.

“இன்னா பாய், ஊசி ஊசியா கீது. இது மக்குமா?”

“எல்லாம் தழைதானே முனுசாமிண்ணா. பத்து நாள்ல மக்கிடும்” என்றேன். எங்கே படித்தேன், யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

“ஏரித் தண்ணி ஒரு போகத்துக்குத்தான் பாய் வரும். மறுபடி நடலாம்னா நாத்தங்கால்ல ஒரு முடி நாத்துகூட இல்ல. இது போச்சுன்னா வூட்ல ஆறு பேரு வருஷம் முச்சூடும் இன்னா துன்றது?”

நான் கழனியில் இறங்கினேன். கால் வைத்த இடத்தில் குமிழி குமிழியாக வந்து நாற்றமடித்தது. கையை விட்டுச் சேற்றை அள்ளினேன். சவுக்கு ஊசிகள் போட்டபோது இருந்த விறைப்பு குறையாமல் உள்ளங்கையில் குத்தின. ஒரு பயிரைப் பிடுங்கினேன். வேர் கறுத்திருந்தது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று அதைச் சேற்றிலேயே அமுக்கினேன்.

2. போர்டு

மறுநாள் எங்கள் அதிகாரி திடலைப் பார்க்க வருவதாக இருந்தது. முனுசாமிக்கும் அது தெரியும். என்னோடு வேலை பார்த்த தங்கவேலுவிடம் மட்டும் சொன்னேன். அவன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்.

“போர்ட பக்கத்துக் கழனில நட்டுடு. அவரு இன்னா, பட்டாவா கேக்கப் போறாரு?”

பக்கத்துக் கழனி உரம் போட்டுச் செழித்து நின்றது. அன்று மதியமே போய்ப் போர்டைப் பிடுங்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் முனுசாமியின் குரல் கேட்டது.

“போர்ட எடுத்துக்கினு போறீங்களா பாய்?”

நடையை நிறுத்தினேன்.

“எடுத்துக்கினு போங்க. உங்க பொழப்பு உங்களுக்கு. ஆனா நாளைக்கு வர்ற ஐயா அந்தக் கழனியப் பாத்துட்டுப் போயிட்டாருன்னா, என் கழனிய யாரு பாய் பாப்பாங்க?”

வேலை போய்விடுமோ என்ற பயம் அதுவரை பெரிதாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. போர்டைத் திரும்பக் கொண்டுபோய் அதே குழியில் நட்டேன். என்னென்ன தப்பு செய்தேன் என்று அதிகாரியிடம் சொல்லவேண்டியதை வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

அதிகாரி வந்தார், பார்த்தார், என் வாக்குமூலத்தைக் கேட்டார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தானே இறங்கிச் சேற்றை அள்ளினார்.

“ஏன்யா, புங்கந்தழையும் சவுக்குச் சருகும் ஒண்ணா? புங்கந்தழை இளசு, சத்து ஜாஸ்தி, கிருமி உடனே தின்னுடும். இது நார். சத்து கம்மி. இதத் தின்னணும்னா கிருமி மண்ணுல இருக்கிற தழைச்சத்த எடுத்துக்கும். அப்பறம் பயிருக்கு ஏது? போதாததுக்குத் தண்ணிய வேற கட்டி மூச்சுவிடாம பண்ணி வெச்சிருக்க.”

அன்றே மடையைத் திறந்து தண்ணீரை வடித்தோம். மண் லேசாக வெடிக்கும்வரை காயவிட்டோம். நானும் முனுசாமியும் குனிந்த முதுகு நிமிராமல் இரண்டு நாள், வரிசைகளுக்கு நடுவே கைக்கு அகப்பட்ட சருகையெல்லாம் இழுத்து வரப்பில் போட்டோம். பிறகு அமோனியா உரம் தூவி, அளவாகத் தண்ணீர் விட்டோம். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் ஏரிக்கரை ஏறும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம்போல இருக்கும். ஒன்பதாம் நாள் நடுக்குருத்தில் பச்சை தெரிந்தது. முனுசாமி என்னைத் தொட்டு, விரலால் காட்டினார்.

அறுவடையில் மூட்டை குறைந்தது. ஆனால் ஆறு பேர் சாப்பிடும் அளவுக்கு வந்தது. என் வேலையும் எப்படியோ தப்பியது.

3. கொசுவலைப் பைகள்

அதற்குப் பிறகு பழைய கொசுவலையைச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தழையைப் போட்டு, கயிறு கட்டிப் புதைக்க ஆரம்பித்தேன். எது எவ்வளவு மக்கியிருக்கிறது என்று வாராவாரம் இழுத்துப் பார்ப்பேன். ஆபீசில் தாயத்து பாய் என்று கேலி செய்தார்கள். ஒரே வேப்பந்தழை ஈர மண்ணில் ஒரு கணக்கு, காய்ந்த வரப்பில் ஒரு கணக்கு. சித்திரையில் ஓடுகிற வேகம் மார்கழிக் குளிரில் இல்லை. நறுக்கிப் போட்டது முழுசாகப் போட்டதை முந்தியது. கறையான் நுழைந்த பையில் நரம்புகூட மிஞ்சவில்லை. சவுக்குப் பை மட்டும் எத்தனையோ மாதம் கழித்தும் கனத்தது.

மறு வருஷம் தழை மிதிக்கும் காலத்தில் முனுசாமி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். மடியிலிருந்து ஒரு கைப்பிடி யூகலிப்டஸ் இலையை எடுத்து நீட்டினார்.

“இது எத்தினி நாள்ல மக்கும் பாய்?”

பத்து நாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. கழனியின் மஞ்சள் கண்முன் வந்து நின்றது.

“தெரியாதுண்ணா” என்றேன். “புதைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“அப்போ சரி” என்று இலையை என் மேஜைமேல் வைத்துவிட்டு, நிம்மதியாகப் போனார்.