கார்த்திகையில் காய்ச்சிய பால்

இருவரிடம் இரண்டு விதமாகச் சொன்ன ஒருவர், அந்த இருவருக்குமே கடைசியில் நல்லது நடந்துவிட்டால், பொய் சொன்னவர் ஆவாரா? சில வருஷங்களாக யோசிக்கிறேன். சமைக்கும்போது ஒரு பதில் தோன்றுகிறது. பாத்திரம் தேய்க்கும்போது அது மாறிவிடுகிறது.

ஆறேழு வருஷத்துக்கு முன், எண்பதுகளின் தொடக்கத்தில், திருநள்ளாற்றில் இருந்த எங்கள் சிறிய ஓட்டு வீட்டை விற்றோம். என் கணவருக்குக் காரைக்காலில் அலுவலக வேலை. அங்கே மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்திருந்தோம். மூத்தவளுக்கு நாலு வயது. சின்னவன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான்.

தரகர் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வேண்டியவர். குடையைச் சட்டைக் காலரின் பின்னால் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். அவர் அழைத்து வந்தது குரும்பகரத்தில் நெல் சாகுபடி செய்யும் ஒரு குடும்பத்தை. எங்கள் முன்னறையில் கடை போட்டால் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் வியாபாரம் நடக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

"தையில காலி பண்ணினா போதும் தங்கச்சி. அவங்ககிட்ட பேசிட்டேன்" என்றார் தரகர்.

வீட்டை ஒப்படைக்கும் நாளைப் பற்றி ஒப்பந்தத்தில் 'தரகர் மூலம் இரு தரப்பும் பேசிக்கொண்டபடி' என்று எழுதியிருந்தது. நான் பள்ளிப் படிப்பை முடித்தவள். அந்த வரியை இரண்டு முறை படித்துப் பார்த்து, மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காரைக்கால் வீட்டுக்குத் தளம் போட முடியவில்லை. கார்த்திகை பிறந்ததும் வாங்குபவரின் மனைவி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். அடுப்படியை முழம் போட்டு அளந்தார். மாச முடிவுக்குள் காலி செய்து தருவதாகத்தானே பேச்சு என்று சாதாரணமாகக் கேட்டார்.

கார்த்திகை முடிந்தால் மார்கழி. மார்கழியில் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு மாறமாட்டார்கள், வாடகைக்குக்கூடக் குடிவைக்கமாட்டார்கள். கட்டுகிற வீட்டுக்கோ மேலே வானம்தான். இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவர். பார்த்துக்கொள்வது யார் என்று அவர் சொல்லவில்லை. தரகருக்கு நானே ஆள் அனுப்பினேன்.

"கார்த்திகைன்னு எங்ககிட்ட ஏன் சொல்லலண்ணே?"

"சொன்னா நீங்க கையெழுத்து போட்டிருப்பீங்களா?"

"அவங்ககிட்ட தைன்னு சொன்னீங்களா?"

"அதச் சொன்னா அவங்க போட்டிருப்பாங்களா?" குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோல நிதானமாகச் சொன்னார்.

இரண்டு பேச்சையும் இரண்டு பேர் முன்னாலும் சொல்ல வேண்டும், நாளைக்கே அவர்களை அழைத்து வாருங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "பொண்ணு வூட்டையும் மாப்ள வூட்டையும் ரொம்பப் பேச வுடக்கூடாது தங்கச்சி. கல்யாணம் நின்னுரும்."

"கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே. இனிமே பேசலாம்ல?"

சொன்ன பிறகு, பெரிய மனுஷரை இப்படிப் பேசலாமா என்று உறுத்தியது. காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். தரகர் இரண்டு பேச்சையும் மென்று மென்று சொல்லி முடித்தார். சின்னவன் தவழ்ந்து போய் அந்த அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மார்கழிப் பனியில் இந்தப் பிள்ளையோடு எங்கே போவீர்கள் என்று கேட்டார். நான் பதிலுக்கு வேறொன்று கேட்டேன்.

"ஒங்களுக்கு அறுப்பு எப்பக்கா?"

"தையிலதான். சம்பாவாச்சே."

"அப்ப அதுவரைக்கும் வயல வுட்டுட்டு இங்க வந்து எப்புடி இருப்பீங்க?"

அவர் தன் கணவரைப் பார்த்தார். கணவர் தரகரைப் பார்த்தார். தரகர் கூரையைப் பார்த்தார்.

"குடிவர தையாவும். ஆனா வாங்குன வூட்டுல ஒரு பால் காச்சாம மார்கழிய பொறக்க வுடலாமா?" என்றார் அந்த அக்கா.

ஆக, அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு காலைப்பொழுது. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு மார்கழி. அந்தக் கணவர்தான் முதலில் சிரித்தார். தரகரின் வரிக்குக் கீழே 'தை' என்று எழுதச் சொல்லி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன், தரகரிடமும்தான்.

நல்ல நாள் பார்த்து வந்தார்கள். என் அடுப்பைக் கொல்லைப்பக்கம் நகர்த்தி வைத்திருந்தேன். எடுத்து வைக்காவிட்டால் குற்றமோ, எடுத்தால் நமக்குக் குறையோ என்று முந்தின நாள் முழுக்கக் குழம்பி, கடைசியில் எடுத்து வைத்ததுதான். புது அடுப்பில் புதுப் பானை. பால் பொங்கி வழிந்தது. முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார்கள். "நம்ம வீட்டுக்கு நாமளே விருந்தாளியாம்மா?" என்று மூத்தவள் கேட்டாள். தரகர் நடுவில் உட்கார்ந்து பாலை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "நான் சொன்ன ரெண்டும் நடந்துச்சா இல்லியா?" என்றார். கோபப்பட நினைத்துச் சிரித்துவிட்டேன். பால் மூக்கில் ஏறிவிட்டது.

அவர்கள் கொண்டுவந்த உப்பும் மஞ்சளும் மார்கழி முழுவதும் அடுப்படி மூலையிலேயே இருந்தன. காலையில் வாசலில் கோலம் போடும்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போடுகிறேன் என்று கை ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடுவேன். தை பிறந்து நாங்கள் கிளம்பினோம். அவர்கள் அறுப்பை முடித்துவிட்டு வந்தார்கள்.

இப்போது கணவருக்குப் புதுச்சேரிக்கு மாற்றல். காரைக்கால் வீட்டையும் விற்க வேண்டும். நேற்று மழையில் அதே தரகர், அதே குடையோடு வந்து நின்றார். ஆள் தயாராக இருக்கிறதாம். பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடிந்து காலி செய்தால் போதுமாம். வாங்குகிறவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். காப்பி இருக்கா தங்கச்சி என்றார்.

வீடு விற்ற அனுபவம் உள்ளவர்கள் எனக்குச் சொல்லுங்கள். இவரிடமே கொடுக்கலாமா? கொடுத்தால், வாங்குகிறவர்களை முதலிலேயே நேரில் பார்த்து எதையெல்லாம் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்? நாளை மறுநாள் பதில் கேட்டு வருவார். சர்க்கரையை எடுத்து வைத்திருக்கிறேன். முடிவுதான் வரவில்லை.