பிலிம் பழசு என்றார் அத்தான்

அக்கா வீட்டு பிரிட்ஜில், தோசை மாவுப் பாத்திரத்துக்கு மேல்தட்டில், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கும். அதற்குள் சோறோ குழம்போ இருக்காது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது அத்தான் வாங்கி வந்த கறுப்பு வெள்ளை பிலிம் சுருள்களைப் பாலிதீன் பையில் சுற்றி அதில் வைத்திருப்பார். கடற்காற்று எதையும் விட்டுவைக்காத ஊர் இது. கட்டில் காலைக்கூடத் தின்றுவிடும். பிலிமுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பார் அத்தான். "ஒரு சீலா மீன் வாங்கிட்டு வந்தா வைக்க எடமில்ல. இவிய பிலிமுக்கு மட்டும் மகாராசா வாழ்வு" என்று அக்கா என்னிடம் முறையிடுவாள். "ஏளா, மீனு நாளைக்கும் கடல்ல கெடைக்கும். இது கெடைக்காது" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. கரையணையும் கப்பலிலிருந்து வரும் வடத்தைப் பிடித்து இழுத்து, கரையிலிருக்கும் இரும்புக் குற்றியில் மாட்டுகிற கூட்டத்தில் ஒருவர். ஓய்வு கிடைத்தால் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்கோ புன்னைக்காயலுக்கோ போய்விடுவார். போய், ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பிய நாட்கள் உண்டு. பிலிம் குறையக் குறைய அவர் பார்ப்பது கூடியது, எடுப்பது குறைந்தது. திருநெல்வேலியில் தெரிந்த கடைக்காரர் இனிச் சரக்கு வராது என்று கைவிரித்துவிட்டார். மதுரையில் கேட்டால் சென்னையில் கேளுங்கள் என்றார்கள். பிலிம் மட்டும் இருந்தால் போதாது. அதைக் கழுவ, படத்தை வரவழைக்கிற டெவலப்பர் வேண்டும், வந்த படத்தை அழியாமல் நிறுத்துகிற ஹைப்போ வேண்டும், உப்பில்லாத தண்ணீர் வேண்டும். தண்ணீரைத் தாமிரபரணிக் கரையிலிருக்கும் தன் ஊரிலிருந்து கேனில் கொண்டுவருவார். மற்றதெல்லாம் அந்த ஸ்டுடியோக்காரர் கொடுத்த மிச்சம்தான். கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பேசுவார்கள். "ஏ அண்ணாச்சி, இந்தத் தீவாளிக்கு எடுத்தா அடுத்த தீவாளிக்குப் பாத்துக்கிடலாமா?" "அதுவரைக்கும் நீ இருந்தேன்னா பாத்துக்கிடலாம்லே" என்று அத்தானும் விடமாட்டார்.

அக்கா உண்டானது கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்து. கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து, இனி இல்லை என்று ஓய்ந்த பிறகு. அப்போது டப்பாவில் இரண்டே சுருள்கள் பாக்கி. பிள்ளை பிறக்கிற அன்றைக்கு ஒன்று, அது நடக்கும்போது மற்றது என்று அத்தான் ஒதுக்கிவைத்தார். நாள் நெருங்கியதும் கடைசி டெவலப்பர் பொடியைப் பிரித்துக் கரைத்து ஒரு குப்பியில் நிரப்பினார். ஹைப்போவைக் கரைத்து இன்னொன்றில். பிறந்த அன்றே கழுவி, கடையில் பிரிண்ட் போட்டு, ஆஸ்பத்திரியிலேயே அக்கா கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டும் ஒரே மாதிரி பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். உள்ளே இருப்பதும் பார்வைக்குத் தண்ணீர்தான். இந்த ஊர் ஈரத்தில் பசை நிற்காது என்று, அட்டைத் துண்டில் பெயர் எழுதி நூலால் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவார். எழுதிக் கொடுத்தது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். என்னைப் பள்ளியில் சேர்த்த வருடம்தான் அக்காவை உப்பளத்து வேலைக்கு அனுப்பினார்கள். நூலைக் கட்டியது அத்தான், கப்பல் வடம் கட்டுகிற முடிச்சில்.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. அக்கா மயக்கத்தில் கிடந்தாள். எங்களுக்குள் அப்படிப் போன பிள்ளையைத் தாய்க்குக் காட்டுவதில்லை. கண்டால் மனசு விடாது, அடுத்தது தங்காது என்பார்கள். புதைக்கிற இடத்துக்குப் பெண்கள் வருவதும் இல்லை. துணியில் சுற்றி அத்தானிடம் கொடுத்தார்கள். அவர் தோளில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து புறப்படும்போது சிரித்துக்கொண்டே மாட்டியது. குழி தோண்டி முடிந்ததும் அவர் குழந்தையை என் மடியில் வைத்து, துணியை விலக்கினார். பெரியப்பா அதட்டினார். "ஏலே, இதப் போயா படம் எடுப்பாவ? மூடு." என் சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் எடுக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். "வேண்டாம் மாப்ள. அது நூறு பேரு கைக்குப் போவும். இத இவ அம்மை மட்டும் பாத்தாப் போதும்" என்றார். உடைமரத்து முள்கிளைகள் வழியாகக் காலை வெயில் குழந்தையின் முகத்தில் விழுந்தது. நிழல் நகர்வதற்காகக் காத்திருந்து காத்திருந்து எடுத்தார். எத்தனையோ முறை யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு இப்போது நினைவில் நிற்பது நெற்றியில் ஒட்டியிருந்த கொஞ்சம் முடி மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "மூக்கு யாரு மாரி இருந்துச்சு?" என்பதுதான். "ஒன்ன மாரித்தான்" என்றார் அத்தான். "வாயால சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? படம் எடுத்தியளா?" "எடுத்துருக்கேன். தீட்டுக் கழியட்டும், பாக்கலாம்." அந்த நாட்களை அக்கா இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினாள். மார்பில் பால் கட்டி வலித்தபோதும் படத்தைப் பற்றித்தான் பேசினாள். தீட்டுக் கழிக்கும் அன்று வீடு முழுக்கக் கழுவினார்கள். பாய், தலையணை, பாத்திரம், அலமாரிச் சாமான் எல்லாம் முற்றத்துக்கு வந்தன. யார் சொல்லியும் கேட்காமல், பச்சை உடம்போடு, அக்காவும் உட்கார்ந்து தேய்த்தாள்.

மறுநாள் பிற்பகல், அத்தான் குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, இருட்டில் பிலிமை வெளிச்சம் புகாத டேங்கில் சுற்றி மூடினார். பிறகு கதவைத் திறந்துவைத்து வேலையைத் தொடர்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். டெவலப்பர் என்று அட்டை தொங்கிய குப்பியை முதலில் ஊற்றினார். அப்புறம் ஹைப்போ. தண்ணீரில் அலசித் திறந்தபோது பிலிம் கண்ணாடி போல் இருந்தது. ஒரு உருவம் இல்லை, ஒரு நிழல் இல்லை. அத்தான் அதை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். எவ்வளவு பழைய பிலிமானாலும் கம்பெனி பதித்த எண்கள் ஓரத்தில் தெரியும். அவையும் இல்லை. பிலிமிலிருந்து முன்னமே வெட்டிப் போட்ட நுனித் துண்டைத் தேடி எடுத்தார். ஹைப்போ என்று அட்டை தொங்கிய குப்பியிலிருந்து கொஞ்சம் டம்ளரில் ஊற்றி, அதில் போட்டார். துண்டு மெல்லக் கறுத்தது. அதுதான் டெவலப்பர். முதலில் ஊற்றியது ஹைப்போ. படமாக வரவேண்டியதை அது சுத்தமாக அரித்தெடுத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் குப்பிகளின் கழுத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நூலில் இருந்தது அவருடைய முடிச்சு இல்லை, பூக் கட்டுகிற முடிச்சு. தீட்டுக் கழித்த அன்று கழுவுவதற்காக அக்கா அவிழ்த்திருக்கிறாள். குப்பியைத் துடைத்து, அட்டையையும் துடைத்து, பழையபடி கட்டி வைத்திருக்கிறாள். என் எழுத்தில் எது எந்தக் குப்பிக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"வாயத் தொறக்காத மாப்ள" என்றார் அத்தான், எனக்கு மட்டும் கேட்கும்படி. இரண்டு நூலையும் அவிழ்த்து, அட்டைகளை மாற்றித் தன் முடிச்சைப் போட்டார். அப்புறம் கூப்பிட்டார். "பிலிம் பழசு, ஏளா. காலாவதியாயிட்டு. ஒண்ணும் விழல." அக்கா அந்த வெற்றுப் பிலிமை வாங்கி, முற்றத்துக்குப் போய், வானத்துக்கு எதிரே பிடித்து நுனியிலிருந்து நுனிவரை பார்த்தாள். "எங்கனயாவது கொஞ்சம் தெரியுதால?" என்று என்னிடம் நீட்டினாள். நான் படித்தவன், எனக்குத் தெரியும் என்று நினைத்தாள். அத்தான் போய் பிரிட்ஜைத் திறந்தார். மிச்சமிருந்த ஒரே சுருளை எடுத்து வெயிலில் உருவிப் போட்டார். "இதுவும் அப்பிடித்தான். எல்லாம் வீணாப் போச்சு. இனி இந்தச் சனியன் வேண்டாம்." அந்தச் சுருளில் ஒரு குறையும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அத்தான் கேமராவைத் தொடவில்லை. சரக்கு கிடைக்காததால் விட்டுவிட்டார் என்று துறைமுகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படியே சொல்லிக்கொண்டார். ஆனால் காலம் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற இளைஞர்கள் பிலிமில் எடுக்க ஆசைப்பட்டு அவரிடம் வந்தார்கள். ஆன்லைனில் கிடைக்கிறது, கூரியரில் சென்னைக்கு அனுப்பினால் கழுவித் தருகிறார்கள் என்று சொல்லி, அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார்கள். அத்தான் தலையை ஆட்டிவிட்டு, "அதெல்லாம் முடிஞ்சு போச்சு தம்பி" என்பார். பிலிம் பிழைக்குமா என்று என்னிடமும் சிலர் கேட்டதுண்டு. விலை ஏறுகிறது, வகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன, ஆனாலும் எங்கோ யாரோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு சுருள் வீணானால் இன்னொன்று வாங்க முடிகிறவர்கள் கையில் அது இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஷிப்பிங் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்த புதிதில், ஆசையோடு ஒரு சுருள் வரவழைத்து அத்தானிடம் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார். "இதுல படம் விழுந்துச்சுன்னா, அன்னைக்கு ஏன் விழலன்னு ஒங்கக்கா கேப்பா மாப்ள. நான் என்னன்னு சொல்லுவேன்?" ஊரில் பிலிம் செத்துப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார், அதை அவ்வளவு ஆசையாக வைத்திருந்தவர்.

போன வருடம், வேலை முடிந்து துறைமுகத்திலிருந்து வெளியே வரும்போது, அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். காரியமெல்லாம் முடிந்து, சில மாதம் கழித்து நான் போயிருந்தபோது அக்கா அலமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கேமரா அவள் மடியில் இருந்தது.

"எதுத்த வீட்டுப் பையன் சொல்லுதான், இதுக்கு பிலிம் இப்பவும் வருதாம்ல."

"வருதுக்கா."

"ரொம்ப வருசம் கெடந்த பிலிமுலகூட மங்கலாவாவது விழுமாம்லா?"

அவள் கேமராவின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அன்னைக்கு அந்தக் குப்பியெல்லாம் நாந்தாம்ல கழுவுனேன். அட்டையும் நாந்தான் கட்டுனேன். மாத்திக் கீத்திக் கட்டிட்டேனோ? நீ கூட நின்னல்லா. நீ படிச்சவன், ஒனக்குத் தெரியும்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி உப்பு மூட்டைகளோடு திரும்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு, "இல்லக்கா. பிலிம் பழசு" என்றேன்.

அக்கா வாரை மடித்துக் கேமராவின்மேல் வைத்தாள்.

"அவியளும் இப்பிடித்தான், எம் மொகத்தப் பாக்காமச் சொன்னாவ" என்றாள். பிறகு தன் பழைய சேலைத் துண்டு ஒன்றில் கேமராவைச் சுற்றி, என் கையில் கொடுத்தாள். "நீ கொண்டு போ. இங்கன கெடந்தா துருப் பிடிச்சிரும்."