நான் போடாத இணைப்பு

நான் ஒருவருடைய உழைப்பைத் திருடினேன். திருட்டு வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து, இன்னொருவருடைய காணி உறுதிப் பத்திரம் அவர் கைக்கு வந்து சேரும் வழியையும் அடைத்தேன். இரண்டையும் ஒரே காரியத்தால் செய்தேன். போட வேண்டிய ஓர் இணைப்பை நான் போடவில்லை.

இணைப்பு என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். இணையத்தளத்தில் நீல நிறத்தில் ஒரு வரி. தட்டினால் இன்னொருவருடைய பக்கத்திற்குக் கொண்டுபோய் விடும். அவ்வளவுதான்... அந்த ஒரு வரியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

தில்லையடியில் எனக்கு ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி எடுப்பேன், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன், பின்னறையில் கணினி வகுப்பு நடத்துவேன். யுத்தகாலத்தில் மன்னார்ப் பக்கத்து ஊரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது எனக்கு ஏழு வயது. ஊர்க்காரர் பலரோடு வந்து தில்லையடியில் குடியேறினோம். யுத்தம் முடிந்து கடைக்கு இணைய வசதி வந்ததும் எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு தளம் தொடங்கினேன். சிதறிப்போன ஊர்க்காரர் எல்லாம் ஓரிடத்தில் கூடட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி, யார் வருகிறார், யார் போகிறார் என்று புதினம் பார்க்கிற என்னுடைய குணம்.

தளத்தைப் பார்ப்பவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று காட்டும் கணக்குப் பக்கம் ஒன்று உண்டு. காலையில் கடை திறந்ததும் அதைத்தான் பார்ப்பேன். ஆரம்பத்தில் நடிகைகளின் செய்தி, தங்க விலை என்று கண்டதையும் கொப்பியடித்துப் போட்டேன். ஆட்கள் வந்தார்கள்! ஆனால் யாரும் நிற்கவில்லை. வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏன்? என்னுடைய பக்கத்தில் அப்படி என்ன இல்லை? சோறு தின்னும்போதும் அதே யோசனை. கடைசியில் விளங்கியது. தங்க விலை எங்கும் கிடைக்கும். எங்கும் கிடைக்காதது எங்கள் ஊர்தான்.

அதைத் தேடிப் போனபோதுதான் அந்தத் தளம் அகப்பட்டது.

வெள்ளைப் பக்கம். நிறம் இல்லை, அலங்காரம் இல்லை. கையால் கீறிய ஒரு படம்: எங்கள் கிழக்குத் தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம். மத்ரசா, வேப்பமரம், கிணறு, எல்லாம் இருந்தன. கீழே 'மரியதாஸ், பிரான்ஸ்' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கர். ஏழு வயதில் நான் ஓடித் திரிந்த ஒழுங்கையை அந்த மனிதர் பிரான்சில் இருந்துகொண்டு கீறியிருக்கிறார்... திரையில் விரல் வைத்து எங்கள் வீட்டு இலக்கத்தைத் தேடினேன்.

அப்படித் தேடியவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்தப் படத்தை அப்படியே எடுத்தாள். நிறம் பூசினாள். 'ஊர்ப் பெரியவர்களின் நினைவிலிருந்து வரைந்தது' என்று அடியில் எழுதினாள். மரியதாஸின் பெயரையும் போடவில்லை, அவருடைய தளத்துக்கு இணைப்பையும் போடவில்லை.

அதன் பிறகு நான் உழைத்தேன், அதையும் சொல்ல வேண்டும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தில்லையடியில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒன்பதாம் வீட்டில் யார் இருந்தார்கள், நோன்புக் கஞ்சி எந்த வீட்டில் ருசி, யாருடைய கலியாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒருவர் சொன்னதை மூன்று பேரிடம் சரிபார்த்தேன். அந்த எழுத்து நேர்மையானது. ஆனால் அது நின்றது திருடிய நிலத்தில்.

பக்கம் நன்றாக ஓடியது. வந்தவர்கள் இருபது நிமிடம் நின்றார்கள்! கட்டாரிலிருந்தும் லண்டனிலிருந்தும் கடிதம் போல நீளமாக எழுதினார்கள். ஒருவர் தன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டியதாகச் சொன்னார். வகுப்பில் நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன்: நல்லதை எழுதினால் நல்ல வாசகர் வருவார், பிறரிடம் எடுத்தால் எடுத்த இடத்துக்கு இணைப்புப் போட வேண்டும். என் முகத்தில் ஒரு சலனமும் இருந்திருக்காது.

ஒரு நாள் கணக்குப் பக்கத்தில் புதிய வழி ஒன்று தெரிந்தது. மரியதாஸின் தளத்திலிருந்து ஆட்கள் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். பிடித்துவிட்டாரா? திட்டி எழுதியிருக்கிறாரா? திறந்து பார்த்தேன்.

'எங்கள் கிழக்குத் தெருவைப் பற்றி இந்தப் பிள்ளை என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறது. அங்கே போய் வாசியுங்கள்' என்று எழுதி, என் பக்கத்துக்கு இணைப்புப் போட்டிருந்தார். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் படத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லையா? தெரிந்தும் விட்டுவிட்டாரா? இதை எத்தனை தடவை யோசித்திருப்பேன்... இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது.

அதற்குச் சில நாட்கள் கழித்து ஹமீது மாமா கடைக்கு வந்தார். சொந்த மாமா இல்லை, ஊர் முறை. மாம்புரியில் மரக்கறி வாங்கி வந்து தில்லையடியில் விற்பவர். ஊரில் அவருடைய வீட்டு வளவை வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள். எங்கே முறையிட்டாலும் காணி உறுதியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பழைய பதிவுப் புத்தகமும் யுத்தத்தில் போய்விட்டதாம். மனுவைக் கொப்பி எடுக்க வந்தவருக்கு, பாராட்டுக் கிடைக்குமே என்று என் பக்கத்தைக் காட்டினேன். திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தவர் சிரித்தார்.

"கிணறு பிழை மகள். எங்கட வளவுக்குக் கிழக்கால இருந்தது. நீங்க மேற்கால போட்டிருக்கீங்க."

"அப்படியா மாமா? திருத்திவிடுறன்."

"எங்கட வகுப்பில ஒருத்தன் இருந்தான், மரியதாஸ் எண்டு. படம் கீறச் சொன்னா அந்தப் பக்கத்த இந்தப் பக்கமாக் கீறுவான். வாத்தியாரிட்ட எவ்வளவு அடி வாங்கியும் திருந்தல்ல. இதப் பாத்தா அவன் கீறின மாதிரியே இருக்கு."

மனுவை எடுத்துக் கொப்பி இயந்திரத்தில் வைத்தேன். அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"ஊர விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு வீட்டு உறுதிய அவன்ட கையிலதான் குடுத்தன். வழியில பறிச்சுப்போடுவாங்க எண்டு பயம். பிறகு அவனும் இந்தியாவுக்குப் போயிட்டானாம். எங்க இருக்கானோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் கணினி இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் அவருடைய கூட்டாளியின் பக்கம் வந்திருக்கும். நான் சொன்னது இவ்வளவுதான்: "ஓம் மாமா, எங்கயாவது இருப்பார்."

அவர் போன பிறகு மரியதாஸின் தளத்தைத் திறந்தேன். என் பக்கத்துக்குப் போட்ட இணைப்பின் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. 'கிழக்குத் தெரு ஹமீது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவன் தந்தது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.' தன்னிடம் வரும் நாலைந்து பேரை என்னிடம் அனுப்பினால், நானும் பதிலுக்கு ஓர் இணைப்புப் போடுவேன், என்னிடம் வரும் கூட்டத்தில் யாராவது தன்னிடம் வருவார் என்று நம்பியிருக்கிறார். அப்படித்தான் நினைக்கிறேன்.

தொலைபேசி இலக்கம் இல்லை, முகவரி இல்லை. கருத்து எழுதும் பெட்டி மட்டும் இருந்தது.

நான் முதலில் செய்த வேலை என்ன? என் படத்தைத் திறந்து, கிணற்றை அழித்து, கிழக்குப் பக்கத்தில் கீறினேன். அதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. 'ஹமீது தில்லையடியில் இருக்கிறார்' என்று எழுத அரை நிமிடம் போதும்!

என் பெயர் போடாமல் எழுதியிருக்கலாமே என்கிறீர்களா? அதையும் யோசித்தேன். எழுதினால் இருவரும் பேசுவார்கள். ஹமீது மாமாவின் பிள்ளைகள் அந்தத் தளத்தைத் திறப்பார்கள். அங்கே படம் இருக்கும். என்னைப் பாராட்டிய வாயெல்லாம் என்ன சொல்லும்? நாளைக்கு எழுதலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

நோன்பு வந்தது. பாடசாலை விழாவொன்றில் ஊரின் நினைவைக் காப்பாற்றியவள் என்று எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் ஹமீது மாமாவும் இருந்தார். அதே வாரம் மரியதாஸ் எழுதியிருந்தார்: 'இங்கே யாரும் வருவதில்லை. இதைத் தொடர்வதா என்று யோசிக்கிறேன்.' என் ஓர் இணைப்பு எத்தனை பேரை அங்கே அனுப்பும் என்று அவருக்குத் தெரியாது. காலை தவறாமல் கணக்குப் பார்க்கிற எனக்குத் தெரியும். வாசித்துவிட்டு மூடினேன்.

பெருநாள் கழிந்து ஒரு திங்கட்கிழமை, எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று கணினி சொன்னது. மறுபடி தட்டினேன். இல்லை. பழைய பக்கங்களைச் சேர்த்து வைக்கும் தளத்திலும் தேடினேன். வெறும் முகப்பு மட்டும் கிடைத்தது. பிரான்சில் இருக்கும் வாசகர்களிடம் விசாரித்தேன். எந்த மரியதாஸ் என்று திருப்பிக் கேட்டார்கள்.

என் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அவர் பெயரைப் போட்டேன். இணைப்பையும் போட்டேன், இல்லாத பக்கத்துக்கு! 'சகோதரி, இந்த இணைப்பு வேலை செய்யவில்லை, எடுத்துவிடுங்கள்' என்று மாதத்துக்கு ஒருவராவது எழுதுகிறார். நான் எடுக்கவில்லை. மனச்சாட்சி என்று சொல்லமாட்டேன். மனச்சாட்சிக்கு அரை நிமிடம் இருந்ததே, அப்போது அது எங்கே போயிருந்தது?

ஹமீது மாமாவின் மனு மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. போன கிழமையும் கொப்பி எடுக்க வந்தார்.

"உங்கட பக்கத்தக் கன பேர் பாக்கிறாங்களாமே மகள். விட்டுடாதீங்க, எழுதுங்க. நல்லா எழுதினா மரியதாஸும் ஒருநாளைக்கு வந்து பாப்பான், இன்ஷா அல்லாஹ்."

"ஓம் மாமா" என்றேன். கொப்பிகளை அடுக்கி அவர் கையில் கொடுத்தேன்.

அவருடைய மரியதாஸ் வந்தார். வாசித்தார், என்னைப் புகழ்ந்தார், காத்திருந்தார், போய்விட்டார். இதை ஹமீது மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது சுலபம்... அந்தத் தெருவில் உங்களுக்கு வளவு இல்லை.