பதினோராம் அறையில் மணி

"சும்மா கதை விடறான்" என்று நினைப்பவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது என் அக்காவுக்கு நடந்தது. கரப்பான் பூச்சியை வெறுங்கையால் பிடித்து வெளியே எறிகிற ஆள் அவள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" என்று எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவள் இதைச் சொல்லி முடிக்கும்வரை என் கையை விடவே இல்லை.

அக்காவுக்கு மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை. பன்னிரண்டு அறைகள். வெளிக்கதவுக்கு நம்பர் பூட்டு. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் தரையில் மெத்தென்று ஒரு விரிப்பு இருக்கும். அதில் கால் பட்டால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும், அறை எண் சிவப்பாக எரியும். யாராவது எழுந்து நடந்து விழுந்து தொலைக்கக் கூடாதே என்றுதான்.

அங்கே ஒரு விதி உண்டு. அவர்கள் சொல்வதை மறுக்கக் கூடாது. செத்துப்போன மனைவி எங்கே என்று கேட்டால், "கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அன்றுதான் செத்ததுபோல மறுபடி முதலிலிருந்து அழுவார்கள். பாவம், எத்தனை தடவைதான் அழுவார்கள்? இப்படி அவர்களோடு ஒத்துப் பேசுவதில் அக்கா கில்லாடி.

சாயங்காலம்தான் பெரும்பாடு. வெளிச்சம் குறையக் குறைய எல்லாருக்கும் ஒரு தவிப்பு வந்துவிடும். வீட்டுக்குப் போகணும் என்று கதவைத் தட்டுவார்கள். மூன்றாம் அறைக்காரர் மட்டும் தட்டமாட்டார். பழைய பஸ் கண்டக்டர். 5.40 ஆனதும் டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஹாலில் எல்லாருக்கும் டிக்கெட் கொடுப்பார். "உள்ள போங்க, உள்ள போங்க... படியில நிக்காதீங்க!" அழுதவர்கள்கூட டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மணி 5.50. கண்டக்டர் ஹாலின் பின்பக்க மூலையையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார்?"

"ஒருத்தன் டிக்கெட் எடுக்காம நிக்கறான்."

மூலையில் யாரும் இல்லை. ஆனால் மறுக்கக் கூடாதே.

"எங்க இறங்கணும்னு கேளுங்க சார்," என்றாள் அக்கா.

அவர் போனார். வெறும் சுவரிடம் குனிந்து காதைக் கொடுத்தார். தலையாட்டினார். ஒரு டிக்கெட் கிழித்து நீட்டினார்.

"நாலாம் நம்பராம்."

6.10. மணி அடித்தது. நான்கு என்று எரிந்தது. அக்கா ஓடினாள். நாலாம் அறை டீச்சரம்மா கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கீழே விரிப்பில் இரண்டு பாதங்கள் அழுந்திய பள்ளம்... அக்கா பார்க்கப் பார்க்க அது மெல்ல எழும்பிச் சமமானது.

மறுநாள் காலையில் டீச்சரம்மா கண் விழிக்கவில்லை. வயது எண்பத்தொன்பது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அக்காவும்தான்.

புதன்கிழமை. 5.52. "மறுபடி வந்துட்டான். ஒன்பதாம் நம்பராம்."

6.14. மணி. ஒன்பது.

ஒன்பதாம் அறைக்காரர் அன்று மத்தியானம் பாட்டுக்குத் தாளம் போட்டவர். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா மேனேஜரிடம் போனாள். லீவு கேட்டாள். ஆள் பற்றாக்குறை, கிடைக்கவில்லை. வியாழக்கிழமை டிஷ்யூ பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கண்டக்டர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

5.55. அவர் மூலைக்குப் போனார். குனிந்து கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"இன்னைக்கு உன் ஸ்டாப்புல இறங்கறானாம்."

"எ... என்ன சார்?"

"உன் வீடுதாம்மா. தொட்டில் இருக்குதாமே?"

அக்காவின் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம். அந்த நேரத்தில் நான்தான் வீட்டில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

விதியாவது ஒன்றாவது! அக்கா கத்தினாள். "அங்க யாரும் இல்ல சார்! யாருமே இல்ல!"

"சத்தம் போடாத. உன்னையே பாக்கறான்."

சரக்...

மூலையிலிருந்து. செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம்.

சரக்... சரக்...

அக்காவை நோக்கி.

"வேற எங்கயாவது இறக்கி விடுங்க சார்... உங்க கால்ல விழறேன்..."

"எங்கன்னு சொல்லு. டிக்கெட் கிழிக்கணும்."

சரக்...

எங்கே? எங்கே? பதினோராம் அறை! ஒரு வாரமாகக் காலி!

"பதினொன்னு!"

சர்ர்ர்... காகிதம் கிழிந்தது.

"போலாம், ரைட்."

செருப்புச் சத்தம் அவளைத் தாண்டிப் போனது.

6.20.

மணி.

பதினொன்று.

அக்கா போகவில்லை. காலி அறைதானே... மணியை அணைத்தாள்.

மறுபடி அடித்தது. அணைத்தாள்.

மூன்றாவது முறை. அணைத்தாள்.

பிறகு அடிக்கவில்லை.

தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு அப்போதே வீட்டுக்கு ஓடி வந்தாள். 7.10க்குக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, என் கையிலிருந்த பாப்பாவைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை நன்றாக இருக்கிறாள்.

மறுநாள் மதியம் அக்கா வேலைக்குப் போனபோது பதினோராம் அறை திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண்மணி அழுதபடியே சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் 5.15க்குத் தன் அம்மாவை அங்கே சேர்த்துவிட்டுப் போனவர். அக்கா அப்போது வேறொருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். உடன் வேலை செய்யும் நர்ஸ் ஷிப்ட் நோட்டில் தெளிவாக எழுதியிருந்தார். குளிப்பாட்டிவிட்டு வந்ததும் நோட்டைப் பார்ப்பது வழக்கம். அன்றிருந்த பயத்தில் அக்கா பார்க்கவில்லை. புதிதாக வந்த அந்த அம்மா விடியற்காலையில் இறந்துபோயிருந்தார்.

"என் பொண்ணைக் காப்பாத்த அவங்க அம்மாவை நான்தான்டா காட்டிக்கொடுத்தேன்," என்று அக்கா இன்றும் அழுகிறாள்.

அன்று அந்தப் பெண்மணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். 6.20லேர்ந்து மூணு தடவை அம்மா விரிப்புல கால் வச்சதா உங்க மெஷின்ல பதிவாயிருக்காமே?"

"ஆ... ஆமா."

"அது எப்படிங்க? அம்மாவுக்கு ரெண்டு காலையும் எடுத்து நாலு வருஷம் ஆச்சே..."