கன்னியம்மாளின் பல்செட்டும் என் கடைசி வருடப் பரீட்சையும்

1989-ஆம் வருடம் பிப்ரவரி மாதம். பல் மருத்துவப் படிப்பில் நான் கடைசி வருடத்தில் இருந்தேன். அத்தனை வருடம் படித்ததெல்லாம் ஒரே ஒரு பல்செட்டில் வந்து நின்றுவிட்டது.

பல்லே இல்லாத ஒருவருக்கு மேலும் கீழுமாக முழுப் பல்செட் ஒன்றை மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்து மாட்டிக் காட்ட வேண்டும். பேராசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஹால் டிக்கெட். அதற்கான ஆளையும் நாங்களே தேடிக்கொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்த பெரியவர் ஒரு தரம் அச்சு எடுக்க வாயைக் கொடுத்துவிட்டு, மகன் வீட்டுக்கு மதுரைக்குப் போனவர் திரும்பவே இல்லை.

எங்கள் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் மூன்று பெண்கள். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்குப் பல் மருத்துவத்தில் இடம் கிடைத்தபோது, அப்பா சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியாமல் அந்தக் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்தார். ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளை பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவுவதாகச் சபையில் அறிவித்தார்கள். விண்ணப்பித்தேன். கட்டணம், புத்தகம், கருவிப் பெட்டி எல்லாம் அவர்கள் கொடுத்ததுதான். ஒரே நிபந்தனை: எந்த வருடமும் பரீட்சை தவறக்கூடாது. தவறினால் உதவி நின்றுவிடும்.

மதுரைக்குப் போன பெரியவர் இனி வரமாட்டார் என்று தெரிந்த அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லி அழுதேன். எங்கள் அம்மா திருநெல்வேலிப் பக்கம். அழுகையை நீட்ட விடமாட்டாள்.

"முழங்கால்ல நில்லுட்டி," என்றாள். "ஆண்டவர்ட்ட கேப்போம்."

"என்னன்னு கேக்க? பல்லு இல்லாத ஒரு ஆளைத் தாரும்னா?"

"அப்படித்தான் கேக்கணும். ஊரெல்லாம் பல்லு நல்லா இருக்கணும்னு கேக்கும். நாம மாத்திக் கேப்போம். அவருக்குப் புரியும்."

ஜெபத்தின் நடுவிலேயே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை கீரைக்கார அம்மா வந்தார். செம்பரம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வந்து, பஸ் மாறி, கூடையோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருபவர். இரண்டு வருடமாகக் கீரை வாங்கியிருக்கிறோம். அன்று அம்மா ஏதோ சொல்ல, அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்தில் முந்தானை நழுவிவிட்டது. அம்மா உள்ளே ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி, வெளிய வந்து பாரு. அந்த அம்மாவுக்கு ஒரு பல்லு கூட இல்ல!"

அவர் பெயர் கன்னியம்மாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வயது ஐம்பத்தைந்து இருக்கும். விஷயத்தைச் சொன்னதும், "நெசமாவா? எனக்கா பல்லு? காசு கீசு கேக்க மாட்டீங்களே?" என்று கேட்டார். கேட்க மாட்டோம் என்றதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேவிட்டார்.

ஜெபத்துக்கு இத்தனை சீக்கிரம் பதில் வந்ததை அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

கன்னியம்மாள் மூன்று தரம் கல்லூரிக்கு வந்தார். அச்சு எடுத்தேன், அளவு எடுத்தேன். அடுத்தது, மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் நாள். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குவார்ட்டர்ஸுக்குக் கீரை கொண்டு வருவதும் நின்றது. ஒரு வாரம் போய், இரண்டாவது வாரமும் போனது.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த சனிக்கிழமை கடைசி. அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். சாப்பிடவில்லை. கொடுத்துவிட்டுப் பறிக்கிற தேவனா நீர் என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை மறைக்க விரும்பவில்லை. அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதிகம் பேசத் தெரியாதவர். என் தலையில் கை வைத்து, "அந்த அம்மாவுக்கு என்ன கஷ்டமோ, நீ போய்ப் பாரும்மா," என்றார். அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வந்த கஷ்டத்தை மட்டுமே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால், அந்த வாரச் சனிக்கிழமை காலை கிளம்பினேன். மெழுகில் அடுக்கிய பல்செட்டை ஒரு டிபன் டப்பாவில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் போட்டு எடுத்துக்கொண்டேன். வெயிலில் மெழுகு இளகிவிடும். பல்லைக் கண்ணால் பார்த்தால் ஒருவேளை மனம் மாறுவார் என்று நினைத்தேன். என்னிடம் இருந்த விலாசம் 'கன்னியம்மாள், செம்பரம்பாக்கம்' என்பது மட்டும்தான். அந்தப் பக்கத்தில் எத்தனை கன்னியம்மாள்கள் இருப்பார்கள்!

பூந்தமல்லியில் செம்பரம்பாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பூந்தமல்லியைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டயர் போய்விட்டதாம். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஆண்டவரே, இதுவுமா என்று நொந்துபோய் ஒரு புளிய மரத்தடியில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னோடு இறங்கிய ஓர் அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா அது, உள்ள தண்ணி தளும்புது? மீனா?"

மூடியைத் திறந்து காட்டினேன்.

"அய்யய்யோ, பல்லு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் வந்த கூட்டம் மொத்தமும் திரும்பியது. கண்டக்டர்கூட எட்டிப் பார்த்தார். வெட்கத்தை விட்டு முழுக் கதையையும் சொன்னேன். கீரை, ஆவடி, கன்னியம்மாள் என்று சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் மாறியது.

"ஆவடிக்குக் கீரை எட்த்துகினு போவுற கன்னியம்மாவா? அது எங்க ஊட்டுக்காரரோட அக்கா. நீ செம்பரம்பாக்கம் போயி இன்னா பண்ணப் போற? அது அங்க இல்ல. திருமழிசைல மக ஊட்ல கீது. வா, நான் இட்டுகினு போறேன்."

பஸ் நிற்காமல் போயிருந்தால் நான் செம்பரம்பாக்கத்தில் இறங்கி, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன். டயர் வெடித்தது தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

திருமழிசையில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. மகள் அங்கே ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. பேரக் குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததால் கன்னியம்மாள் வந்து தங்கியிருந்தார். குழந்தை குணமாகி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கை தானாக முந்தானையை இழுத்து வாயை மூடியது.

"கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பியிருக்கலாமேம்மா," என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"கொழந்தைக்கு நல்லாயி ஒரு வாரம் ஆச்சு பாப்பா. நான்தான் வர்ல. அன்னிக்கு அந்தப் பெரிய டாக்டரு என் வாயத் தொறக்கச் சொல்லி, எல்லாப் புள்ளைங்களையும் கூப்ட்டுக் காட்னாரு. குகை மாதிரி கீதுன்னு இன்னாவோ சொன்னாரு. எல்லாம் சிரிச்சிச்சிங்க." என் பக்கம் விரலை நீட்டினார். "நீயும் சிரிச்சே."

ஆமாம். சிரித்தேன். பேராசிரியர் சொன்னாரே என்று சிரித்தேன். சிரித்ததையே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. இரண்டு வாரமாக அவர் வர வேண்டும் என்று ஜெபித்த நான், அவர் ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் ஆண்டவரிடம் கேட்கவில்லை. ஒருவேளை இதைச் சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் பயந்திருப்பேன்.

அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பரீட்சை ஞாபகமே இல்லை. "மன்னிச்சிருங்கம்மா. நான் சிரிச்சது தப்பு. நீங்க வர வேணாம். இதைச் சொல்லத்தான் ஆண்டவர் என்னைக் கூட்டிட்டு வந்திருக்காரு," என்றேன். சத்தியமாக அந்த நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டப்பால இன்னா?" என்றார்.

காட்டினேன். குனிந்து பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இம்மாம் வெள்ளையாவா கீது? என் மூஞ்சிக்கு இத்த மாட்டுனா ஊரே பயந்து ஓடும். கொஞ்சம் மங்கலா கெடைக்காதா?"

அழுகையும் சிரிப்புமாக, "கெடைக்கும்மா," என்றேன்.

"அப்போ வர்றேன். ஆனா ஒண்ணு. எவனும் வந்து வாய்க்குள்ள எட்டிப் பாக்கக் கூடாது. அத்த நீதான் பாத்துக்கணும்."

திங்கட்கிழமை கல்லூரியில் வேறு நிறத்தில் பல் வாங்கி முதலிலிருந்து அடுக்கினேன். புதன்கிழமை அவர் வந்தார். மெழுகுப் பல்லை வைத்துப் பார்க்கும்போது பேராசிரியர் வந்து நின்று, வழக்கம்போல மற்ற மாணவர்களைக் கைகாட்டி அழைத்தார். என் ஹால் டிக்கெட் அவர் கையில். உள்ளத்தில் ஒரு வரி ஜெபம் செய்துவிட்டு, "சார், எல்லாரும் பாக்கறது அவங்களுக்குக் கஷ்டமா இருக்கு. நீங்க மட்டும் பாருங்க சார், ப்ளீஸ்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கன்னியம்மாளைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் வாயத் தொறங்கம்மா," என்றார். அதற்கு முன் அவர் வாயிலிருந்து அந்த 'அம்மா' வந்து நான் கேட்டதில்லை.

கெடு நாளான சனிக்கிழமை பல்செட் தயார். மாட்டிவிட்டுக் கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். கன்னியம்மாள் வெகுநேரம் பார்த்தார். பழக்கத்தில் முந்தானை வாய்க்குப் போனது. பாதியில் நின்றது. கீழே இறங்கிவிட்டது.

"ஏதாவது பேசிப் பாருங்கம்மா," என்றேன்.

"இன்னா பேசறது?" என்று யோசித்தவர், "எஸ்தரு," என்றார். அதுவரை என்னைப் பாப்பா என்றே கூப்பிட்டு வந்தவர் முதல் முறையாக என் பெயரைச் சொன்னார். "உன் பேரு வாய்ல நொழையாதுன்னு உட்டுட்டு இருந்தேன்," என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் இருவருக்கும் வருத்தம் இல்லை.

கையெழுத்து கிடைத்தது. பரீட்சையில் தேறினேன். அதன் பின் ஹவுஸ் சர்ஜனாகப் பயிற்சி செய்த வருடம் முழுவதும் அறக்கட்டளை என்னைத் தாங்கியது. 1992-இல் காட்டுப்பாக்கத்தில் ஒரு சின்ன அறையில் கிளினிக் தொடங்கியபோது, யாரோ பயன்படுத்திய பல் மருத்துவ நாற்காலி ஒன்றைப் பழுது பார்த்து அனுப்பியதும் அவர்கள்தான். திறப்பு நாளில் கன்னியம்மாள் ஒரு கூடை முருங்கைக் கீரையோடு வந்தார். "எங்க அம்மனுக்கு மாவிளக்கு போட்டுட்டு வர்றேன். நீ உங்க சாமிகிட்ட என் பேரையும் சொல்லு," என்றார். சொன்னேன். இன்றுவரை தினமும் சொல்கிறேன்.

ஆறு வருடமாக அந்த நாற்காலியில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். யாருடைய பெயரையும் கேட்காமல் நான் வாயைத் திறக்கச் சொன்னதில்லை. இது என் நல்ல குணம் இல்லை. ஆண்டவர் என்னைத் திருத்தி வைத்த இடம். இன்று அதே அறக்கட்டளையின் உதவியில் படிக்கும் இரண்டு பெண்கள் லீவு நாட்களில் என் கிளினிக்குக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி தையற்காரர் மகள், மற்றவள் பட்டாபிராமில் லாரி ஓட்டுகிறவர் மகள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் முகம் தெரியாத யாரோ எனக்காகக் காணிக்கை போட்டதை நினைத்துக்கொள்கிறேன். கொடுத்த அந்தக் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது பரீட்சையிலோ வேலையிலோ வேறு எதிலோ வழி அடைபட்டு நிற்கலாம். வெட்கப்படாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். எவ்வளவு சின்ன விஷயமானாலும், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்றாலும் கேளுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டிருக்கிறேன். ஜெபித்து எழும்போது, நீங்கள் மனம் நோகச் செய்த ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்த மனிதர் இருக்கும் ஊருக்கு அன்றைக்கே பஸ் டிக்கெட் வாங்குங்கள்.